மிதக்கும் ஓடுபாதை

'தஞ்சோங்' என்ற மலாய்ச் சொல்லுக்கு நிலமுனை என்று பொருள். 'பகார்' என்றால் வேலி. தஞ்சோங் பகாருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு பழங்கதை சொல்வார்கள். வாள்போன்ற கூரிய மூக்குடைய மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கடலிலிருந்து பாய்ந்து, கரையில் இருந்தவர்களைக் குத்திக் கொன்றனவாம். அரசன் தன் வீரர்களையே கரையில் வரிசையாக நிற்கவைத்தான். அவர்களும் மடிந்தார்கள். அப்போது ஒரு சிறுவன், வாழைத்தண்டுகளால் வேலி கட்டலாமே என்றான். அப்படியே செய்தார்கள். பாய்ந்துவந்த மீன்களின் மூக்குகள் வாழைத்தண்டில் சிக்கிக்கொண்டன; ஊர் தப்பியது.

இன்று டக்ஸ்டனில் உள்ள ஐம்பது மாடிக் குடியிருப்பின் உச்சியில் ஏறி நின்றால் அந்தக் கரை தெரியும். கடலை நிரப்பி எழுப்பிய நிலமும், கப்பல்துறையும், அதற்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களும் தெரியும். கடலிலிருந்து வரும் ஆபத்தைத் தடுக்க இந்தத் தீவைச் சுற்றிப் பிற்காலத்திலும் வேலி கட்டப்பட்டது. அது பீரங்கிகளால் ஆன வேலி. செம்பவாங்கில் பிரிட்டிஷார் பெருஞ்செலவில் கடற்படைத் தளம் ஒன்றையும் அமைத்தார்கள். ஆனால், 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஆபத்து வானிலிருந்து வந்தது.

வராமல் போன கப்பல்

1941 டிசம்பர் 2ஆம் தேதி, 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் செம்பவாங் தளத்தை வந்தடைந்தன. அவற்றைப் பார்த்த மக்களுக்குத் தெம்பு பிறந்தது. அவற்றோடு மூன்றாவதாக ஒரு கப்பலும் வந்திருக்க வேண்டும். 'இண்டாமிட்டபல்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் அது. போர் விமானங்களைச் சுமந்துவந்து, மற்ற இரு கப்பல்களுக்கும் வானில் காவல் கொடுப்பதே அதன் வேலையாக இருந்திருக்கும். ஆனால், நவம்பர் மாதத் தொடக்கத்தில், உலகின் மறுகோடியில் உள்ள ஜமைக்கா தீவின் அருகே அது தரைதட்டிவிட்டது. பழுதுபார்க்க அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

டிசம்பர் 8ஆம் தேதி மாலை, இரு போர்க்கப்பல்களும் துணைக்குச் சில நாசகாரிக் கப்பல்களை மட்டும் அழைத்துக்கொண்டு வடக்கே புறப்பட்டன. டிசம்பர் 10ஆம் தேதி, குவாந்தானுக்கு அப்பால் உள்ள கடலில், எண்பதுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் அவற்றைத் தாக்கின. பிற்பகல் இரண்டு மணிக்கு முன்பே இரண்டும் மூழ்கிவிட்டன. செம்பவாங்கிலிருந்து விரைந்த போர் விமானங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மூழ்கும் தறுவாயில் இருந்தது. 840 பேர் இறந்தனர். உயிர் பிழைத்த 2,000க்கும் மேற்பட்டோர் நாசகாரிக் கப்பல்களில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அதன்பின் சிங்கப்பூரைக் காக்கப் பெரிய போர்க்கப்பல் எதுவும் இல்லை. 1942 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தஞ்சோங் பகார், கெப்பல் துறைமுகப் பகுதிகளில் குண்டுகள் விழுந்தவண்ணம் இருந்தன.

இண்டாமிட்டபல் உடன் வந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? வரலாற்றாசிரியர்கள் இதில் ஒத்துப்போவதில்லை. அதில் இருந்த விமானங்கள் குறைவு என்பார் சிலர்; அதுவும் சேர்ந்து மூழ்கியிருக்கும் என்பார் வேறு சிலர். ஒன்று மட்டும் உறுதி. கடலில் செல்லும் பெருங்கப்பல், வானில் காவல் இல்லாமல் போருக்குப் போக முடியாது என்பதை அன்றைய தினம் உலகமே கண்டது.

விமானந்தாங்கியும் காவல் இல்லாமல் பிழைக்காது. இதற்கான சான்று இலங்கைக் கடலில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி, பிரிட்டனின் 'ஹெர்மீஸ்' மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களிடம் சிக்கியது. அதுவே ஒரு விமானந்தாங்கிதான். ஆனால், அதன் விமானங்கள் அன்று திருகோணமலையில் தரையில் இருந்தன! வெறும் தளத்தோடு சென்ற ஹெர்மீஸ் மிகக் குறுகிய நேரத்தில் மூழ்கியது. 307 பேர் இறந்தனர். அவ்வழியே வந்த 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது. ஹெர்மீஸ் இன்றும் மட்டக்களப்புக் கடலின் அடியில் கிடக்கிறது. முக்குளிப்பவர்கள் அதைப் பார்க்கச் செல்கிறார்கள்.

கையால் பிடித்து நிறுத்திய விமானம்

ஓடும் கப்பலில் விமானத்தை இறக்குவது எவ்வளவு கடினம் என்பதை உணர, முதல் முயற்சிக்குப் போக வேண்டும். 1917 ஆகஸ்ட் 2ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் வடக்கே, எட்வின் டன்னிங் என்ற பிரிட்டிஷ் விமானி 'பியூரியஸ்' என்னும் கப்பலில் தம் சிறு விமானத்தை இறக்கினார். அவ்விமானத்தை நிறுத்தியது எது தெரியுமா? மனிதக் கைகள்! விமானத்தில் தொங்கிய வார்களைத் தோழர்கள் ஓடிச்சென்று பற்றி இழுத்து நிறுத்தினார்கள். ஐந்து நாள் கழித்து டன்னிங் மீண்டும் முயன்றபோது, விமானம் தளத்தின் விளிம்பைத் தாண்டிக் கடலில் விழுந்தது. அவர் உயிரிழந்தார்.

சாங்கி விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றின் நீளம் 4,000 மீட்டர். இந்தியாவின் புதிய 'விக்ராந்த்' கப்பலின் மொத்த நீளமே 262 மீட்டர்தான். ஆறு பெட்டிகள் கொண்ட எம்ஆர்டி ரயில்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஏறத்தாழ அந்த நீளம் வரும். அதிலும் ஒரு பகுதியில்தான் விமானம் இறங்க முடியும். போதாததற்குத் தளம் முன்னே நகர்கிறது. அலையில் ஏறி இறங்குகிறது.

இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. தளத்தின் குறுக்கே வலிமையான எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள். விமானத்தின் வாலில் ஒரு கொக்கியைப் பொருத்தினார்கள். இறங்கும்போது கொக்கி ஒரு கம்பியில் மாட்ட வேண்டும். மணிக்கு 240 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வரும் விமானம், இரண்டரை வினாடியில், 90 மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடும். விமானியின் உடல் அப்படியே முன்னே தள்ளப்படும். தோள்வார்தான் அவரைத் தாங்கும்.

கொக்கி கம்பியில் மாட்டாவிட்டால்? பல ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு நல்ல விடை இல்லை. தளம் நேராக இருந்ததால், கம்பியைத் தவறவிட்ட விமானம் முன்பக்கம் நிறுத்தியிருந்த விமானங்களின்மீது போய் மோதியது. அங்கே எரிபொருளும் குண்டுகளும் மனிதர்களும் இருந்தார்கள். தடுப்புவலை கட்டிப் பார்த்தார்கள். சில நேரம் அது காத்தது, சில நேரம் காக்கவில்லை. ஜெட் விமானங்கள் வந்து வேகமும் எடையும் கூடியபோது விபத்துகள் பெருகின.

1951ஆம் ஆண்டு, டென்னிஸ் கேம்பல் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒரு வழி சொன்னார். இறங்கும் பாதையைக் கப்பலின் நீளவாக்கிலிருந்து சில பாகை சாய்த்துக் கோடு போட்டால் என்ன? அப்போது கம்பியைத் தவறவிட்ட விமானத்தின் முன்னால் எதுவும் இருக்காது. திறந்த கடல்தான் இருக்கும். மீண்டும் மேலெழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிவந்து இறங்கலாம். சாய்தளம் என்ற அந்த யோசனைக்குப் புதிய உலோகமோ இயந்திரமோ தேவைப்படவில்லை. கோட்டின் திசையை மாற்றியதே பல உயிர்களைக் காத்தது. இன்றும் கம்பியைப் பிடித்து இறங்கும் ஜெட் விமானி, சக்கரம் தளத்தைத் தொட்ட கணத்தில் வேகத்தைக் குறைப்பதில்லை, முழுவிசையைக் கூட்டுகிறார்! கம்பி பிடிக்காவிட்டால் உடனே பறந்தாக வேண்டுமே.

அதே காலத்தில் இன்னொரு கண்டுபிடிப்பும் வந்தது. விமானி சரியான உயரத்தில் வருகிறாரா என்பதை அதுவரை தளத்தில் நின்ற ஒருவர் கைத்துடுப்புகளை அசைத்துக் காட்டினார். ஜெட் வேகத்துக்கு அது ஒத்துவரவில்லை. நிக்கலஸ் குட்ஹார்ட் என்ற அதிகாரி, ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி ஒன்றைத் தளத்தில் வைத்தால் விமானியே தம் உயரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்றார். அலுவலகத்தில் இருந்த பெண் ஊழியர் ஒருவரின் முகம் பார்க்கும் கண்ணாடியையும் உதட்டுச்சாயத்தையும் வாங்கி, மேசைமீதே அதைச் செய்துகாட்டினார் என்று கூறுவார்கள். இன்று கண்ணாடிக்குப் பதில் ஒளிவில்லைகள் உள்ளன. அடிப்படை மாறவில்லை.

கொதிகலனில் ஒரு விரிசல்

இறங்குவதைப் போலவே எழும்புவதும் சிக்கல்தான். குறுகிய தளத்தில் ஓடி வேகம் பிடிக்க இடமில்லை. எனவே, நீராவியின் அழுத்தத்தால் விமானத்தைக் கவண்கல்லைப் போல உந்தி எறியும் கருவியை 1950களில் பொருத்தினார்கள். அத்துடன், விமானத்தை ஏவும்போது கப்பல் காற்றை எதிர்த்து வேகமாகச் செல்லும். பட்டம் விடும்போது நாம் காற்றை எதிர்த்து ஓடுவதில்லையா? அதே காரணம்தான். இறக்கைமேல் பாயும் காற்று கூடக்கூட விமானம் எளிதில் எழும்பும்.

இந்தியாவின் முதல் விமானந்தாங்கியான பழைய 'விக்ராந்த்' இந்த இரண்டையும் நம்பியே இயங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டனில் கட்டுமானம் பாதியில் நின்றுபோன கப்பல் அது. இந்தியா அதை 1957இல் வாங்கியது. பாதியில் நின்றதும் ஒருவகையில் நல்லதாயிற்று. சாய்தளம், நீராவிக் கவண் ஆகிய புதிய வசதிகளோடு கட்டிமுடிக்க முடிந்தது. 1961இல் அது கடற்படையில் சேர்ந்தது.

பத்தாண்டுக்குப் பிறகு, 1971இல் வங்கக்கடலில் போர் மூண்டபோது, அதன் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. கொதிகலனில் நீராவி குறைந்தால் கப்பலின் வேகம் குறையும். கவணின் விசைக்கும் அதே நீராவிதான் வேண்டும். வேகம் குறைந்தால் தளத்தின்மேல் வீசும் காற்றும் குறையும். ஒரு விரிசல், கப்பலின் முழு ஆற்றலையும் பிடித்து இழுத்தது என்று சொல்லலாம். பொறியாளர்களும் மாலுமிகளும் அந்தக் கொதிகலனின்மேல் ஒரு கண் வைத்தபடியே கப்பலை ஓட்டினார்கள். டிசம்பர் 4ஆம் தேதி முதல் விக்ராந்தின் 'சீ ஹாக்' விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங் துறைமுகங்களைத் தாக்கின. 1997இல் ஓய்வுபெற்ற அக்கப்பல், பிறகு மும்பையில் அருங்காட்சியகமாகச் சில ஆண்டுகள் இருந்தது. கடைசியில் உடைக்கப்பட்டு, அதன் உலோகத்தில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிள் செய்யவும் போனது!

அடுத்து வந்த 'விராட்', 1987 முதல் 2017 வரை இந்தியக் கடற்படையில் இருந்தது. பிரிட்டனில் இருந்தபோது அதன் பெயரும் ஹெர்மீஸ்தான். மட்டக்களப்பில் மூழ்கிய கப்பலின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள். விராட்டில் இருந்த 'சீ ஹாரியர்' விமானங்கள் செங்குத்தாக இறங்கக்கூடியவை. தளத்தின் முன்பகுதியைச் சறுக்குமரத்தின் நுனிபோல மேல்நோக்கி வளைத்திருந்ததால், அவை எழும்பக் கவணும் தேவைப்படவில்லை. 2022 செப்டம்பர் 2ஆம் தேதி கொச்சியில் சேவையில் சேர்க்கப்பட்ட புதிய விக்ராந்திலும் 14 பாகை உயரும் அத்தகைய வளைவு உண்டு. பழைய விக்ராந்தின் எடை ஏறத்தாழ 20,000 டன். புதியது அதைப்போல் இருமடங்குக்கும் மேல். இது இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் விமானந்தாங்கி.

தீ

விமானந்தாங்கிக்கு எதிரியின் குண்டைவிடப் பெரிய ஆபத்து, அது தன் வயிற்றில் சுமக்கும் பொருள்களே. விமான எரிபொருள், வெடிகுண்டுகள், ஆயிரக்கணக்கான மனிதர்கள். இம்மூன்றையும் தரையில் நாம் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் வைப்போம். கப்பலில் அதற்கு வழியில்லை.

1944 ஜூன் 19ஆம் தேதி, ஜப்பானின் புத்தம்புதிய விமானந்தாங்கியான 'தைஹோ'வை ஒரேயொரு நீர்மூழ்கிக் குண்டு தாக்கியது. கப்பல் நிற்கவில்லை; ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால், எரிபொருள் கசிந்து ஆவியாகத் தொடங்கியது. ஆவியை வெளியேற்றலாம் என்றெண்ணிக் காற்றுப்போக்கிகளைத் திறக்க ஓர் அதிகாரி ஆணையிட்டார். விளைவு, ஆவி கப்பல் முழுதும் பரவியது. சில மணி நேரத்துக்குப் பிறகு ஒரு பொறி போதுமானதாக இருந்தது. கப்பல் வெடித்து மூழ்கியது. அமெரிக்கர்களும் 1942இல் 'லெக்சிங்டன்' கப்பலை ஏறக்குறைய இப்படியே இழந்திருந்தார்கள். ஆனால், ஒரு மாதத்துக்குள் பாடம் கற்றார்கள். அடுத்த போரில், தாக்குதல் தொடங்குமுன் எரிபொருள் குழாய்களைக் காலிசெய்து, அவற்றில் தீப்பற்றாத கரியமில வாயுவை நிரப்பிவைத்தார்கள்.

எரிபொருள் ஆவியின் கொடுமை சிங்கப்பூருக்கும் தெரியும். 1978 அக்டோபர் 12ஆம் தேதி, ஜூரோங்கில் பழுதுபார்க்கப்பட்ட 'ஸ்பைரோஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தனர். உலோகத்தை வெட்டும் கருவியின் தீப்பொறி, ஆவி நிறைந்த தொட்டியை எட்டியதே காரணம். அது போர்க்கப்பல் அன்று. அன்று போரும் இல்லை. கப்பல் பட்டறைகளில் தீ உண்டாக்கும் வேலைகளுக்கான விதிகள் அதன்பின் கடுமையாயின.

விமானந்தாங்கிகளின் வரலாற்றில் மிக அதிகமாகப் பேசப்படும் தீ, 1967 ஜூலை 29ஆம் தேதி, வியட்நாமுக்கு அப்பால், அமெரிக்காவின் 'ஃபாரெஸ்டல்' கப்பலில் மூண்டது. தளத்தில் நின்ற ஒரு விமானத்திலிருந்த ராக்கெட், மின்கோளாறினால் தானாகப் பாய்ந்தது. எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. கொட்டிய எரிபொருள் பற்றிக்கொண்டது. தீயணைப்புக் குழு உடனே ஓடிவந்தது. ஆனால், விமானத்தில் பழைய வகை வெடிகுண்டுகள் இருந்தன. வெப்பத்தை அவை அதிக நேரம் தாங்காது. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முதல் குண்டு வெடித்தது. தீயை அணைக்கப் பயிற்சி பெற்றிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு வெடிப்பிலேயே மடிந்தார்கள்.

மிஞ்சிய மாலுமிகளுக்குத் துணிவு இருந்தது, பயிற்சி இல்லை. ஒரு பக்கம் சிலர் எரியும் எரிபொருளின்மேல் நுரையைப் பரப்பினார்கள். நுரை போர்வைபோல மூடித் தீயை அடக்கும். மறுபக்கம் வேறு சிலர் கடல்நீரைப் பீய்ச்சினார்கள். நீர் அந்த நுரையை அடித்துக்கொண்டு போயிற்று. எரியும் எரிபொருள், குண்டுகள் போட்ட ஓட்டைகள் வழியே கீழ்த்தளங்களுக்கும் ஒழுகியது. 134 பேர் இறந்தனர். உதவ நினைத்தவர்களே அறியாமையால் ஒருவர் வேலையை ஒருவர் கெடுத்ததை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அதன்பின் அமெரிக்கக் கடற்படையில் பல மாற்றங்கள் வந்தன. தளம் முழுவதையும் நுரையால் நனைக்கும் குழாய்கள் தளத்திலேயே பொருத்தப்பட்டன. வெப்பத்தை நெடுநேரம் தாங்கும் குண்டுகள் உருவாக்கப்பட்டன. தீயணைப்பு என்பது ஒரு குழுவின் வேலை என்ற எண்ணம் கைவிடப்பட்டது. சமையல்காரர் முதல் எழுத்தர்வரை எல்லாரும் குழாயைப் பிடிக்கக் கற்றாக வேண்டும். ஃபாரெஸ்டல் தீயின் படக்காட்சிகளைப் புதிய மாலுமிகளுக்குப் பல்லாண்டுகளாகப் போட்டுக்காட்டினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 2020 ஜூலையில், சான்டியாகோ துறைமுகத்தில் பழுதுபார்ப்புக்காகக் கட்டப்பட்டிருந்த அமெரிக்காவின் 'பானம் ரிச்சர்ட்' நான்கு நாளுக்கும் மேல் எரிந்தது. ஹெலிகாப்டர்களையும் செங்குத்தாக இறங்கும் ஜெட் விமானங்களையும் சுமந்த பெருங்கப்பல் அது. ஒரு பொத்தானை அழுத்தினால் நுரையைப் பொழியும் கருவி அதில் இருந்தது. அதை யாரும் இயக்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. கருவியின் பராமரிப்பில் குறை. அது இருப்பதையும் பயன்படுத்தும் விதத்தையும் மாலுமிகள் பலர் அறிந்திருக்கவில்லை. கப்பல் பழைய இரும்பாக விற்கப்பட்டது.

இந்தியாவின் 'விக்ரமாதித்யா'வில் 2019 ஏப்ரல் 26ஆம் தேதி, கார்வார் துறைமுகத்துக்குள் நுழையும் வேளையில் தீப்பிடித்தது. தீயணைப்புக்குத் தலைமையேற்று உள்ளே சென்ற இளம் அதிகாரி ஒருவர் புகையால் மயங்கி விழுந்து இறந்தார். தீ மேலும் பரவாமல் தடுக்கப்பட்டது. கப்பல் தப்பியது.

சாங்கிக்கு வரும் விருந்தாளிகள்

சிங்கப்பூரிடம் விமானந்தாங்கி கிடையாது. ஆயினும், சாங்கி கடற்படைத் தளத்தின் துறை, அத்தகைய பெருங்கப்பல்கள் வந்து அணையும்படி ஆழமாகக் கட்டப்பட்டது. 2001 மார்ச் மாதம் அமெரிக்காவின் 'கிட்டி ஹாக்' அங்கே வந்து நின்றது. பிரான்சின் 'சார்ல் தெ கோல்' 2019இல் வந்தது. 2025 ஜூன் மாதத்தில் பிரிட்டனிலிருந்து ஒரு விமானந்தாங்கி சிங்கப்பூருக்கு வந்தது. 65,000 டன் எடையுள்ள அதன் பெயர் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்'. குவாந்தானுக்கு அப்பால் மூழ்கிய கப்பலின் அதே பெயர். 2019இல் அதைக் கடற்படையில் சேர்த்த நாளும் டிசம்பர் 10தான்.

இத்தகைய கப்பலின் தளத்தில் விமானங்கள் பறக்கத் தொடங்குமுன் ஒரு வழக்கம் உண்டு. அமெரிக்கக் கப்பல்களில் தளத்தில் வேலை செய்வோர் பல நிறச் சட்டைகளை அணிந்திருப்பார்கள். விமானங்களுக்கு வழிகாட்டுபவருக்கு மஞ்சள், எரிபொருள் நிரப்புபவருக்கு ஊதா, குண்டுகளைக் கையாள்பவருக்குச் சிவப்பு. இரைச்சலில் குரல் கேட்காது. நிறத்தைப் பார்த்தே ஆளை அறிய வேண்டும். அவர்கள் அனைவரும், பதவி வேறுபாடு பாராமல், தளத்தின் ஒரு முனையில் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்பார்கள். பிறகு தலையைக் குனிந்தபடி, மெல்ல மறுமுனைவரை நடப்பார்கள். ஜெட் இயந்திரம் காற்றோடு எதையும் உள்ளிழுத்துவிடும். ஒரு திருகாணி போதும், அதன் உட்தகடுகளைச் சிதைக்க. நடப்பவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்குகிறார்கள்: ஒரு கம்பித்துண்டு, ஒரு பேனா மூடி, சட்டையிலிருந்து உதிர்ந்த ஒரு பொத்தான். வரிசை மறுமுனையை அடைந்த பிறகே முதல் விமானத்தின் இயந்திரத்தை முடுக்குகிறார்கள்.